அடிக்குறிப்பில் அக்கா

அத்தியாயம் பதினொன்று

டிரைவிங் ஸ்கூல் காரில் நேர்காணலுக்குப் போகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சின்னவள் யோசித்துக்கொண்டு வந்தாள். காரின் தலையில் பயிற்சி வண்டி என்று சிவப்பு எழுத்தில் பலகை. அவள் காலடியில், மாஸ்டருக்கென்று வைத்த இன்னொரு பிரேக். ஓட்டுவது அக்காவின் கணவர். இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகியவர், தானே ஓட்டும்போதும் வாயை மூட மாட்டார்.

"கண்ணாடி பாரு... கை காட்டு... இப்ப மெதுவா திரும்பு."

"யாருக்கு மாமா சொல்றீங்க?"

"எனக்குத்தான். நானும் ஒரு நல்ல மாஸ்டர்கிட்ட படிக்க வேண்டாமா, ப்ரொபசர்?"

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ப்ரொபசர். முனைவர் பட்டம் வாங்கிய அன்றைக்கு மாமா வைத்தது. எட்டு வருடமாகியும் அவள் ப்ரொபசர் ஆகவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. மூன்று தற்காலிக வேலைகள், மூன்றும் ஒரே ஆய்வகத்தில். தண்ணீர் ஓடும் குழாய்களின் உட்சுவரில் கிருமிகள் கூடிக் கட்டிக்கொள்கிற வழுவழுப்பான படலம் இருக்கிறதே, அதைத்தான் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதக் கடைசியோடு மூன்றாவது வேலையும் முடிகிறது.

போகப் போகிறேன் என்று போன வாரம் பேராசிரியரிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரீசர் சாவி யார்கிட்ட இருக்கு?" என்பதுதான். அந்த ஆய்வகத்தில் வெளியே போனவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. 'அவன் இப்ப வெளியில' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், ஏதோ நடக்கக் கூடாதது அவனுக்கு நடந்துவிட்ட மாதிரி.

வெளியே என்பது எங்கே இருக்கிறது என்று தேடத்தான் மூன்று வாரமாக அலைந்தாள். பல்கலைக்கழகம் நடத்திய ஒருநாள் பயிலரங்கில் பதினாறு முனைவர்களோடு உட்கார்ந்து, 'உங்கள் பாடத்தின் பெயரைச் சொல்லாமல், உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள்' என்ற கேள்விக்குக் கால் மணி நேரம் விழித்தாள். கடைசியில் எழுதியது ஒரே வரி. 'காய்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாமல் தொட்டுப் பார்க்கத் தெரியும்.' பதினொரு பக்க பயோடேட்டாவை ஒரு பக்கமாக்கினாள். ஒரு விரலை வெட்டுவது போலிருந்தது ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும் நீக்குவது. காப்புரிமை அலுவலகம் பதில் போடவில்லை. மருந்துக் கம்பெனிக்கு அறிக்கை எழுதித் தரும் நிறுவனம், படிப்பு அதிகம் என்றது. பாடநூல் போடுகிறவர்கள், அனுபவம் இல்லை என்றார்கள்.

நாலாவதுதான் இன்றைக்கு. ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் பிரிவுக்குத் தர அதிகாரி வேண்டும் என்ற அறிவிப்பை அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றி, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அக்காதான். அக்கா பத்தொன்பது வருடமாக அந்தப் பிரிவில் குழாய் கழுவுகிறாள்.

"இறங்கு," என்றார் மாமா. "இடது பக்கம் பார்த்து இறங்கு. உன்கிட்ட கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லு. ஊர் சுத்தாதே."

---

இரண்டாவது மாடியில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் குடல்நோய் மருத்துவர், ஐம்பதை நெருங்கும் பெண்மணி, சற்று முன்புதான் தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும், நெற்றியில் அதன் தழும்பு சிவப்பாக ஓடியது. இன்னொருவர் நிர்வாக அதிகாரி. பென்சிலைக் கையில் வைத்து எதையும் எழுதாமலிருந்தார்.

"எட்டு வருஷமா ஒரே விஷயம். அலுக்கலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"விஷயம் அலுக்கலை டாக்டர். அடுத்த வருஷம் நான் அங்கே இருப்பேனா மாட்டேனான்னு காத்திருக்கிறதுதான் அலுத்துச்சு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கே பல்கலைக்கழகம் கூப்பிட்டா ஓடிடுவீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னால கேட்டிருந்தா ஓடிடுவேன்னு சொல்லியிருப்பேன்."

"சரி. ஒரு குழாய். கழுவியாச்சு, பதிவேட்டுல டிக் விழுந்தாச்சு. ஆனா உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கு. ரெண்டு நாளா தொங்குது. நான் அதை ஒரு நோயாளிக்கு உள்ளே விடலாமா?"

எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம், எந்தக் கிருமி, எத்தனை மாதிரி பார்த்தோம் என்று இருபது கேள்விகள் சின்னவளின் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. ஊர் சுத்தாதே.

"விடக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் டாக்டர்."

டாக்டர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அதற்குள் வார்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட, "நீங்க மத்ததைக் கேளுங்க, எனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு," என்று எழுந்து போனார். கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சின்னவள் தன்னை அந்தக் கட்டடத்துக்குள் தினமும் காலையில் நுழைகிறவளாகப் பார்த்தாள்.

கதவு மூடியதும் நிர்வாக அதிகாரி அவள் அனுப்பியிருந்த குறிப்பை முன்னால் இழுத்தார். விண்ணப்பத்தோடு, இந்தப் பிரிவை எப்படி மேம்படுத்துவீர்கள் என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். எழுதியிருந்தாள். பழக்கம் விடாமல், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அடிக்குறிப்புகளும் போட்டிருந்தாள். மூன்றாவது அடிக்குறிப்பின் கீழே பென்சிலால் இரண்டு கோடு.

"படிங்க."

"இங்கே கழுவி அலமாரியில் மாட்டிய குழாய்கள் எல்லாம் வாரக் கடைசி கழிந்து திங்கட்கிழமை காலையில் ஈரமாக இருப்பதைக் கண்டவர், இப்பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரியும் என் அக்கா." அங்கே அக்காவின் முழுப்பெயர், முதலெழுத்தோடு இருந்தது. "திங்கள்தோறும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து அவற்றை மறுபடி கழுவுகிறார். இந்தத் தகவலுக்காக அவருக்கு நன்றி."

"இதை எழுதும்போது என்ன நினைச்சீங்க?"

"அவங்க கண்டுபிடிச்சது. அவங்க பேரைப் போடாம எழுதினா திருட்டு."

அவள் உலகத்தில் அது அப்படித்தான். இரண்டாவது ஒப்பந்தத்தின்போது அவள் பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது. அன்றையிலிருந்து, ஆய்வகத்தில் பல்பு மாற்றிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி எழுதாமல் அவள் ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை.

"இங்கே அதுக்கு வேற பேரு," என்றார் அவர். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உள்ளே நடக்கிறதை வெளியாள்கிட்ட சொல்லியிருக்காங்க. அது ஒண்ணு. ரெண்டாவது, எந்தக் குழாயை எப்பக் கழுவினாலும் பதிவேட்டுல ஏத்தணும். திங்கட்கிழமை அதிகாலையில கழுவினதா ஒரு வரிகூட இல்லை. அப்ப பதிவேடு பொய்யா, உங்க அக்கா பொய்யா?"

அவள் கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தாள்.

"பதினொன்றரைக்கு அவங்களை வரச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை." பென்சிலைத் தாளின் மேல் குறுக்கே வைத்தார். "ஒரு வழி இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் இந்தக் காகிதமெல்லாம் கமிட்டிக்குப் போகும். அந்த மூணாவது குறிப்பை எடுத்துட்டு வேற பிரதி கொடுங்க. மேலே பொதுவா எழுதியிருக்கீங்களே, ஈரம் கெடுதல்னு, அது போதும். இந்த ஆஸ்பத்திரின்னு வர்றது வேண்டாம். அப்படி ஒரு வரியே இல்லைன்னா உங்க அக்காகிட்ட கேட்கவும் ஒண்ணும் இல்லை. உங்களுக்கும் நல்லது. டாக்டருக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் எழுந்தாள். கதவருகே போனபோது அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"இதே வேலைக்கு உங்க அக்காவும் போட்டிருந்தாங்க. பட்டப்படிப்பு இல்லைன்னு முதல் நாளே திருப்பிட்டோம். சொல்லலையா?"

---

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக்கூடத்தின் ஆவி வந்து மோதுகிற சுவர் ஓரமாக ஒரு சிமெண்டு பெஞ்சு. பன்னிரண்டு மணிக்கு அக்கா அங்கே வந்தாள். நீலக் கவுன் இல்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை. கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்து, தன் விரல்களைப் பார்த்தாள். எப்போதும் தண்ணீரில் ஊறி ஊறி, நாற்பத்து நாலு வயதுக்கு மேல் பத்து வயது சேர்ந்துவிட்ட விரல்கள்.

"திங்கட்கிழமை வரைக்கும் கழுவுற பக்கம் கால் வைக்கக் கூடாதாம்."

"அக்கா..."

"பேசாதே. கொஞ்ச நேரம் பேசாம இரு."

இருந்தாள். சலவைக்கூடத்தில் ஏதோ ஒரு இயந்திரம் சுற்றி நின்றது.

"யாருடி உன்னை எழுதச் சொன்னது?"

"நீதானே சொன்னே."

"சொன்னேன். பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னேன். அது பேச்சு. பேச்சையெல்லாம் எடுத்து எழுதுவாங்களா?"

"நாங்க எழுதுவோம்கா."

"நீங்க எழுதுவீங்க! பேரு, முதலெழுத்து, எத்தனை வருஷம்... போட்டோ ஒண்ணுதான் ஒட்டலை. போலீஸ்ல எழுதிக் கொடுக்கிறவன்கூட இவ்வளவு விவரமா எழுத மாட்டான்."

சிரிப்பு வருகிற மாதிரி சொன்னாள், ஆனால் இருவரும் சிரிக்கவில்லை.

"நீயும் இதுக்குப் போட்டிருந்தியாமே," என்றாள் சின்னவள்.

அக்கா பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். "அவர் சொல்லிட்டாரா?"

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான். ரெண்டு பேரும் வெளியே நிக்கிறதுல யாருக்கு என்ன லாபம்? எனக்கில்லைன்னு ஆனதும் ஒரு நாள் பூரா வயிறு எரிஞ்சுச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தப் பேப்பரைக் கழட்டிக் கொண்டாந்தேன்."

எட்டு வருடம் தனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை என்று சின்னவள் புலம்பிய அத்தனை இரவுச் சாப்பாட்டுக்கும் எதிரே உட்கார்ந்திருந்தவள் இவள். மெதுவாக, அதிகாரி சொன்ன வழியைச் சொன்னாள். அஞ்சு மணி. ஒரு வரி. எடுத்துவிட்டால் விசாரணை இல்லை.

"எடுத்துடறேன்கா. இப்பவே போய் எடுத்துடறேன்."

"உனக்கு வேலையும் கிடைக்கும்?"

"கிடைக்கும் போலத்தான் இருக்கு."

"எனக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆகாது."

"குழாயைக் காய வைக்கிற காத்துப் பம்பு இருக்கே, அதை வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நிறுத்தச் சொல்லி ஆர்டர் போட்டது யாரு தெரியுமா? இப்ப உனக்கு வழி சொன்னாரே, அவருதான். ரெண்டு நாள் சும்மா ஓடுதுன்னு." அக்கா கையை நீட்டினாள். "கொடு. அப்படி என்னதான் எழுதினேன்னு நானே பார்க்கிறேன்."

"எழுதினது நான்தான்."

"என் பேருதானே இருக்கு? கொடு."

சின்னவள் தன்னிடமிருந்த பிரதியை எடுத்துக் கொடுத்தாள். படிக்கும்போது அக்காவுக்கு உதடு அசையும். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், பிறகு இன்னும் தள்ளி. "இவ்வளவு பொடியா ஏன்?"

"அடிக்குறிப்பு அப்படித்தான் இருக்கும்."

மறுபடி படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் கண் நின்றதைச் சின்னவள் கவனித்தாள். சம்பளச் சீட்டையும் டூட்டிப் பட்டியலையும் தவிர, அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் எங்கேயும் அச்சேறியதில்லை.

அக்கா அந்த வரியின் மேல் நகத்தை வைத்தாள். "தப்பு."

"எது?"

"வாரக் கடைசியில தொங்குறது எல்லாம்னு எழுதியிருக்கே. எல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு அப்புறம் கழுவினது மட்டும்தான் ஈரமா இருக்கும். உள்ளே காத்துப் போய்க் காய மூணு மணி நேரம் ஆகும். பம்பு அஞ்சுக்கு நின்னுடும். அதுக்கு முன்னால கழுவினது காஞ்சிடும். நான் ஒவ்வொண்ணையும் வெள்ளைத் துணி மேல உதறிப் பார்த்திருக்கேன்."

சின்னவள் அக்காவையே பார்த்தாள். அவள் உலகத்தில் இதைச் செய்ய மூன்று பேரும் ஒரு வருடமும் ஆகியிருக்கும்.

"பதிவேட்டுல ஏன்கா ஏத்தலை?"

"ஏத்தினா ஏன் மறுபடி கழுவினேன்னு கேள்வி வரும்னு சூப்பர்வைசர் வேண்டாம்னார். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கலை. சரி, நாம கழுவிட்டாப் போச்சுன்னு..."

பாதியில் நின்றுவிட்டாள். அவள் முகம் மாறியது.

"என்னக்கா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"என்னைத்தான் உள்ளே வரக் கூடாதுன்னுட்டாங்களே. திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு யாரு கழுவுறது? விசாரணை பத்து மணிக்கு. முதல் நோயாளி எட்டு மணிக்குப் படுப்பாங்க."

சுவரிலிருந்து ஆவி ஒரு மூச்சு விட்டது போல வந்து கலைந்தது.

"அந்த வரியை எடுத்தா," என்றாள் அக்கா, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "குழாய் ஈரமா இருக்கிறதை நான் சொன்ன மாதிரி இருக்காது. சொல்லாத விஷயத்தை யாரும் சரிபண்ணவும் மாட்டாங்க. என்னை உள்ளே விட்டாலும், நான் வராத அன்னிக்கு ஈரம்தான்."

"வச்சா, உன் வேலை..."

"உன்னுதும்."

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எடுக்காதே. திருத்து. அடியில வேண்டாம், முதல் வரியில எழுது. கண்ணு தெரியாதவங்களும் படிக்கிற மாதிரி எழுது."

---

அச்சடிக்க எங்கேயும் போகவில்லை. வாசலில் காத்திருந்த டிரைவிங் ஸ்கூல் காரின் பானெட்டின் மேல் தாளைத் திருப்பிப் போட்டு, அக்கா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதினாள். எத்தனை மணி, எந்த அலமாரி, எந்தப் பம்பு. விஷயம் தெரிந்ததும் மாமா வாயைத் திறக்கவே இல்லை. பேசாத மாமாவை அவர்கள் இருவரும் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நிர்வாகத்துல கொடுக்கப் போறீங்களா?"

"இல்லை," என்றாள் அக்கா. "குழாயைக் கையில பிடிக்கிறவங்ககிட்ட."

டாக்டர் நாலரை மணிக்குத்தான் அறைக்கு வந்தார். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு முகம் தெரிந்தது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடம் ஒருவர் கழுவிக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கியிருக்கிறார், நடுவில் ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அறிமுகம்.

நின்றபடியே முதல் வரியைப் படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இன்னிக்கு எத்தனை?"

"ரெண்டு மணிக்கு அப்புறம் நாலு குழாய் வந்திருக்கும் டாக்டர். ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு. அந்த வரிசையிலதான் வரும்."

டாக்டர் போனை எடுத்து, திங்கட்கிழமை காலைப் பரிசோதனைப் பட்டியலை நிறுத்தச் சொன்னார். பம்பை யாரும் தொடக் கூடாது என்றார். அந்தப் பேச்சு முடிவதற்குள் நிர்வாக அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சின்னவளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மேஜை மேலிருந்த, கையால் எழுதிய தாளைப் பார்த்தார்.

"இதைத்தான் கொடுக்கப் போறீங்களா?" என்று சின்னவளிடம் கேட்டார். "அப்ப விண்ணப்பத்தை நான் எந்தக் கட்டுல வைக்கணும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"இவங்க கழுவினது ஒண்ணுகூடப் பதிவுல இல்லை டாக்டர். இவங்க சொல்றதை வச்சுப் பட்டியலை நிறுத்தினா, நிறுத்தச் சொன்னது யாருன்னு கமிட்டி கேட்கும்."

"கையெழுத்துப் போட்டுடட்டும்," என்றார் டாக்டர். தாளைச் சின்னவள் பக்கமாகத் தள்ளினார். "நீங்க போடுங்க. முனைவர்னு இருந்தா மேல கேள்வி வராது."

சின்னவள் பேனாவை அக்காவிடம் கொடுத்தாள்.

அக்கா உடனே வாங்கவில்லை. "இதுல போட்டா, எழுதாம கழுவினேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இல்லையா?"

"ஆமாக்கா."

"ம்." வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் எழுதியது போல, முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள்.

டாக்டர் அந்தப் பெயரைப் படித்தார். "எவ்வளவு காலமா இப்படி ஈரமா இருக்கு?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசமும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீங்க வந்து கழுவியிருக்கீங்க?"

அக்கா பேனாவை மேஜையில் வைத்தாள்.

"ஒரு திங்கட்கிழமைகூட விடாம?"

"ரெண்டு தடவை வரலை டாக்டர்." குரல் தாழ்ந்துவிட்டது. "போன வருஷம், அஞ்சாம் மாசம். ரெண்டு வாரம் லீவு போட்டேன்."

போன வருடம் ஐந்தாம் மாதம். பல்கலைக்கழகத்தின் நிரந்தர வேலை கையெட்டும் தூரத்துக்கு வந்து வேறொருவருக்குப் போன மாதம். இரண்டு வாரம் சின்னவள் படுக்கையை விட்டு எழவில்லை. கண் விழித்தபோதெல்லாம் பக்கத்தில் அக்கா இருந்தாள். எனக்கு லீவு நிறைய பாக்கி இருக்கு, தூங்கு, என்றிருந்தாள்.

"எதுக்கு லீவு?" என்றார் நிர்வாக அதிகாரி.

"வீட்டுல உடம்பு சரியில்லை," என்றாள் அக்கா. தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் பழைய பதிவேட்டை வரவழைத்தார். அந்த இரண்டு திங்கட்கிழமைகள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஏழாம் குழாய், ஒன்பதாம் குழாய், பன்னிரண்டு...

"ஏழு பேர்," என்றார்.

எட்டு வருடமாகச் சின்னவள் எண்ணிப் பழகியவள். ஆயிரங்களில், லட்சங்களில். ஏழு என்பது இவ்வளவு பெரிய எண் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இவங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும். ரத்தம் பார்க்கணும்."

"கமிட்டியைக் கேட்காம..." என்று அதிகாரி ஆரம்பித்தபோது, டாக்டர் முதல் எண்ணை அழுத்திவிட்டிருந்தார். மணி போனது. ஒரு பெண் எடுத்தாள். நோயாளியின் மகள். டாக்டர் தான் யாரென்று சொல்லி, போன வருடம் நடந்த பரிசோதனையைப் பற்றி நிதானமாகச் சொன்னார். எதிர்முனையிலிருந்து கேள்விகள், ஒன்றன்மேல் ஒன்றாக. என்ன படலம், எப்படி வரும், இத்தனை நாள் உள்ளே இருக்குமா, வீட்டில் குழந்தை இருக்கிறதே.

டாக்டர் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். அறையைச் சுற்றிப் பார்த்து, போனைச் சின்னவளிடம் நீட்டினார்.

"இதுக்கு என்னைவிட உங்களுக்குத்தான் பதில் தெரியும்."

வாங்கினாள். அவள் பேசுவதற்கு முன் அந்தப் பெண் கேட்டாள். "நீங்க யாருங்க?"

எட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. துறையின் பெயர், ஆய்வகத்தின் பெயர், பேராசிரியரின் பெயர். மூன்றும் நாக்கில் வந்தன. மூன்றாலும் இந்த மகளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

"இங்கே இந்தக் குழாய்களைக் கழுவுறவங்களோட தங்கச்சி," என்றாள். "அந்தப் படலத்தைத்தான் எட்டு வருஷமா படிச்சிருக்கேன். நீங்க ஒவ்வொண்ணா கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிடறேன்."

அந்தப் பெண் சொன்னது அறை முழுக்கக் கேட்டது:

"அப்பாவுக்கு அதுலேர்ந்து மூணு தடவை ஜுரம் வந்துச்சுங்க. எதனாலன்னு யாருக்கும் தெரியலை. இருங்க, அவரையே கூப்பிடுறேன்."

அந்தப் பக்கம் போன் எங்கேயோ வைக்கப்பட்டது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். போனுக்குள், தூரத்திலிருந்து, தரையில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஒருவர் நடந்து வருகிற சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.